பழைய காரை விற்கப் போகிறீர்களா? முதலில் படத்தைச் சரியாக எடுங்கள்

பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கோ புதிய காரின் முன்பணத்திற்கோ, வீட்டிலுள்ள பழைய மைவியையோ சாகாவையோ விற்க நினைக்கும் பலர் இப்போது இணையத்தில்தான் விளம்பரம் செய்கிறார்கள். அங்கு வாங்குபவரின் கண்ணில் முதலில் படுவது கார் அல்ல, அதன் படம். மதிய வெயிலில், துணி காயும் கொடியோடு சேர்த்து அவசரமாக எடுத்த படம், நன்றாகப் பராமரித்த காரையும் மோசமாகக் காட்டிவிடும். விலையைக் குறைத்துக் கேட்க அதுவே காரணமாகும்.

இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கைப்பேசியே போதும். எந்த நேரத்தில், எங்கே நின்று எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

நேரம்: நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் காரின் கூரை கண்ணைக் கூசும், கதவும் சக்கரமும் இருண்டுவிடும். காலை 7.30 முதல் 8.30 வரையிலும், மாலை 6 மணிக்குப் பிறகும் வெயில் சாய்வாக விழும். அப்போது காரின் வடிவமும் நிறமும் தெளிவாகத் தெரியும். மேகம் மூடிய நாளும் நல்லதே.

இடம்: கழுவித் துடைத்த கார் கண்ணாடி போன்றது. படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் உள்ள மரமும் கடையும் கதவில் பிரதிபலிக்கும். திடல் ஓரம், காலியான கார் நிறுத்துமிடம் போன்ற திறந்த வெளியே ஏற்றது. காரின் பின்னால் மின்கம்பமோ குப்பைத் தொட்டியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லோரிகள் ஓடும் தோட்டச் சாலையில் மட்டும் நின்று எடுக்க வேண்டாம்.

கோணம்: மிக அருகில் நின்று எடுத்தால் காரின் முன்பகுதி வீங்கியதுபோல் தெரியும். ஐந்தாறு மீட்டர் பின்னால் சென்று, கைப்பேசியில் 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். முன்விளக்கின் உயரத்திற்குக் குனிந்து, முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியும்படி எடுத்த படமே முதலில் வர வேண்டும். முன்சக்கரத்தைச் சற்றுத் திருப்பி, ரிம்மின் முகம் கேமராவைப் பார்க்கும்படி வைத்தால் படம் எடுப்பாக இருக்கும்.

வெளிச்சம்: வெள்ளைக் கார் படத்தில் மங்கலாகவும், கறுப்புக் கார் வெளிறியும் வருவதுண்டு. திரையில் காரின் மேல் விரலை வைத்து மேலே நகர்த்தினால் பல கைப்பேசிகளில் வெளிச்சம் கூடும். கீழே நகர்த்தினால் குறையும். தொடங்குமுன் லென்ஸைத் துடைக்க மறக்க வேண்டாம். சட்டைப் பையில் கிடந்த கைப்பேசியில் விரல் ரேகையும் தூசியும் படிந்திருக்கும்.

நான்கு பக்கங்கள், முன் பின் இருக்கைகள், பின்பெட்டி, எஞ்சின், டயர், ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். கார் கிராண்ட், அடையாள அட்டை ஆகியவற்றின் படங்களை விளம்பரத்தில் போட வேண்டாம்.

கீறலையும் நசுங்கலையும் மறைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு 20 காசு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு புரியும். படத்தில் மறைத்த குறை நேரில் வந்ததும் தெரிந்துவிடும். வந்தவர் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார். முன்பே காட்டியிருந்தால், அந்தக் கீறலைச் சொல்லி விலை பேச அவருக்கு இடமிருக்காது.