பெண் குரலோடு மல்லுக்கு நின்ற நாதஸ்வரம்! காருகுறிச்சியார் காட்டிய புதுமை

கோவில்பட்டி:-

தீப்பெட்டி ஆபீசும் கடலைமிட்டாயும் மட்டும்தான் கோவில்பட்டிக்குப் பெருமையா? இல்லவே இல்லை. தமிழ்நாட்டையே கிறங்க வைத்த ஒரு புதுமைப் பாட்டிலும் இந்தக் கரிசல் சீமைக்குப் பங்கு உண்டு.

அதுதான் "சிங்கார வேலனே தேவா". 1962-ல் வெளிவந்த "கொஞ்சும் சலங்கை" படப் பாட்டு. பாடியவர் எஸ்.ஜானகி. நாதஸ்வரம், காருகுறிச்சி அருணாசலம்.

அருணாசலம் 1921-ல் தாமிரபரணிப் பாசனத்துக் காருகுறிச்சியில் பிறந்தவர். நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். பெயரும் புகழும் வந்தபிறகு, வானம் பார்த்த பூமியான கோவில்பட்டியில் வீடு கட்டிக் குடியேறினார்.

துணிச்சலான சோதனை

நாதஸ்வரம் கோவில் பிரகாரத்துக்கும் தேரோடும் வீதிக்கும் உண்டான வாத்தியம். ஊதினால் நாலு தெருவுக்குக் கேட்கும். அதன் பக்கத்தில் ஒரு பெண் குரல் எடுபடுமா? அமுங்கிப் போகாதா?

இன்னொரு சிக்கலும் உண்டு. வீணை, தம்புரா என்றால் பாடுகிறவருக்குத் தக்கபடி சுருதியைக் கூட்டலாம், குறைக்கலாம். நாதஸ்வரத்தில் அது நடக்காது. குழலின் நீளம் எவ்வளவோ அதுதான் சுருதி. பாடுகிறவர்தான் இறங்கி வரவேண்டும், இல்லாவிட்டால் ஏறிப் போகவேண்டும்.

இசை அமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு இதற்கெல்லாம் அசரவில்லை. கு.மா.பாலசுப்பிரமணியம் எழுதிய பாட்டுக்கு ஆபேரி ராகத்தில் மெட்டுப் போட்டார். "இதைப் பாட ஜானகிதான் சரி" என்று கைகாட்டியது பாடகி பி.லீலா என்று சினிமா வட்டாரத்தில் சொல்வார்கள். குரலைத் தனியாகவும் நாதஸ்வரத்தைத் தனியாகவும் பதிவு செய்து, பிறகு ஒன்றாகச் சேர்த்தார்கள் என்றும் சொல்வது உண்டு.

ஜானகி ஒரு ஸ்வரக் கொத்தை வீசுவார். அதை அப்படியே குழலில் திருப்பிக் கொடுப்பார் காருகுறிச்சியார். விடு பார்க்கலாம் என்று இரண்டு பேரும் கட்டிப் புரளுவார்கள். கேட்கிறவனுக்குக் குரல் எது, குழல் எது என்றே தெரியாமல் போகும்! திரையில் பாடுவதாக நடித்தவர் சாவித்திரி. வாசிப்பதாக நடித்தவர் ஜெமினி கணேசன்.

43 வயதில் மறைவு

சங்கீத சபா பக்கமே எட்டிப் பார்க்காத சம்சாரிகூட இசைத்தட்டில் இந்த நாதஸ்வரத்தைக் கேட்டுச் சொக்கிப் போனான். ஆனால் அந்தப் புகழை அனுபவிக்க அருணாசலத்துக்குக் காலம் கொடுத்து வைக்கவில்லை. 1964-ல் அவர் மறைந்தார். அப்போது வயது 43தான்.

1968-ல் "தில்லானா மோகனாம்பாள்" வந்தது. நாதஸ்வரக்காரரே கதாநாயகன். மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்கள் வாசிப்பு அதில் கொடிகட்டிப் பறந்தது. சினிமாவில் நாதஸ்வரத்துக்கு அந்த மவுசு வர, 6 வருடம் முந்தியே பாதை போட்டவர் காருகுறிச்சியார்.

கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதைவிடப் பெரிய மரியாதை கல்யாண வீடுகளில் கிடைக்கிறது. பந்தி நினைப்பிலேயே இருக்கிற கூட்டம்கூட, "அண்ணே, அந்தச் சிங்கார வேலனை எடுத்து விடுங்க!" என்று நாதஸ்வரக்காரரைக் கேட்கிறது. வாசிக்கிறவருக்கு அன்றைக்கு அதுதான் பரீட்சை!