ஆவடி - பூந்தமல்லி: 10 கி.மீ தூரம்... 169 வருடக் காத்திருப்பு!

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-ல் மும்பையில் ஓடியது. மூன்றே வருடத்தில், 1856 ஜூலை 1-ல், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. அது போனது அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான். இன்று சென்ட்ரல் - அரக்கோணம் மின்சார ரயில்கள் போவதும் அதே வழியில்தான்.

சுமார் 10 கி.மீ தெற்கே இருக்கும் பூந்தமல்லிக்கு அந்த யோகம் இல்லை. பஸ்தான் கதி. 2025 மார்ச்சில்தான் அங்கே ஓட்டுநர் இல்லாத மெட்ரோவின் சோதனை ஓட்டம் நடந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை இந்தத் தடத்தின் நீளம் 26.1 கி.மீ.

சந்தோஷம்தான். ஆனால், பூந்தமல்லியில் குடியிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? மின்சார ரயில் சென்ட்ரலுக்குப் போகிறது. மெட்ரோ தடம் மெரினாவுக்குப் போகிறது. இரண்டுமே புறநகரையும் நகரத்தையும் இணைப்பவை. ஒரு புறநகரிலிருந்து பக்கத்துப் புறநகருக்குப் போக ரயில் இல்லை. திட்டமிடப்பட்டுள்ள கோயம்பேடு - பட்டாபிராம் மெட்ரோவும் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகும், பூந்தமல்லியைத் தொடாது.

பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்துவிட்டது. உங்கள் மொபைலிலேயே எடுக்கலாம்.

டிக்கெட் ஒன்றாகிவிட்டது. ஆவடியில் ரயிலைவிட்டு இறங்கியதும் பூந்தமல்லிக்குக் காத்திருக்காமல் பஸ் கிடைத்தால், பயணமும் ஒன்றாகிவிடும். அதற்குப் புதிய தண்டவாளம் தேவையில்லை. ரயில் நேரத்துக்குப் பொருந்துகிற பஸ் நேரம் போதும்!