பறிமுதலான நாவலின் பயணம்

வாசிலி கிராஸ்மன் 'வாழ்வும் விதியும்' நாவலைப் பத்திரிகைக்குக் கொடுத்தது 1960இல். ரஷ்ய வாசகர்கள் தங்கள் நாட்டில் அதை அச்சில் கண்டது 1988இல். அதற்குள் பிரெஞ்சு, ஆங்கில வாசகர்கள் அதைப் படித்து முடித்திருந்தார்கள். அதே காலத்தின் இன்னொரு ரஷ்ய நாவலான 'டாக்டர் ஷிவாகோ'வாவது ஆசிரியரின் கண்முன்னே இத்தாலியில் வெளிவந்தது. கிராஸ்மனுக்கு அதுவும் கிட்டவில்லை.

கிராஸ்மன் அரசின் எதிரியாகத் தொடங்கியவர் அல்ல. 1905இல் பெர்தீச்சிவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். வேதியியல் படித்து, தொன்பாஸ் சுரங்கப் பகுதியில் பொறியாளராக வேலை பார்த்தவரை மாக்சிம் கார்க்கி எழுத்துக்கு ஊக்கப்படுத்தினார். போர் மூண்டதும் செஞ்சேனையின் நாளிதழான 'செந்நட்சத்திர'த்தின் நிருபரானார். ஸ்தாலின்கிராத் தெருச்சண்டைகளுக்கு நடுவிலிருந்து அவர் அனுப்பிய செய்திகளைப் படைவீரர்கள் ஆவலோடு படித்தார்கள். திரெப்ளிங்கா கொலைமுகாமைப் பற்றி 1944இல் எழுதிய கட்டுரை பின்னர் நியூரம்பர்க் விசாரணையில் எடுத்தாளப்பட்டது. அந்தப் போரின் தொடக்கத்திலேயே, 1941 செப்டம்பரில், பெர்தீச்சிவில் நாஜிகள் கொன்று குவித்த யூதர்களில் அவருடைய தாயும் ஒருவர்.

நாவல் தாய்க்கே காணிக்கையாக்கப்பட்டது. அதன் முதல் பாகத்தில், யூதர்களை ஒதுக்கிவைத்த பகுதியான கெட்டோவில் அடைக்கப்பட்ட கண் மருத்துவர் ஆன்னா செம்யோனொவ்னா, இயற்பியல் அறிஞரான மகன் விக்தருக்குக் கடைசிக் கடிதம் எழுதுகிறார். ஓர் அத்தியாயம் முழுவதும் அந்தக் கடிதம்தான். கெட்டோவுக்குள் கொண்டுபோன சாமான்களை அவர் வரிசையாகச் சொல்கிறார்: தலையணை, கோப்பை, கரண்டி, புகைப்படங்கள், இவற்றோடு புஷ்கின், செகாவ், பிரெஞ்சு எழுத்தாளர்கள் தொதே, மாப்பசான் நூல்கள். நாளை உயிர் இருக்குமா என்று தெரியாத இடத்தில் ஒரு சிறுவனுக்குப் பிரெஞ்சும் சொல்லிக்கொடுக்கிறார். குரல் உயர்த்தாத அந்தப் பக்கங்களுக்கு இணையாக இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் மிகச் சிலவற்றையே சொல்ல முடியும். அமெரிக்க இயக்குநர் ஃபிரெடரிக் வைஸ்மன் 2002இல் அந்தக் கடிதத்தை மட்டும் வைத்து, ஒரே ஒரு நடிகையைக் கொண்டு, பிரெஞ்சில் படமெடுத்தார்.

அதிகாரிகளைக் கலங்கவைத்தது வேறொரு பகுதி. ஜெர்மன் முகாமொன்றில் நாஜி அதிகாரி லிஸ், கைதியாக இருக்கும் பழைய போல்ஷெவிக் மொஸ்தொவ்ஸ்கோயை அழைத்து, நம் இரு அரசுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி என்கிறான். கிழவருக்கு அதை முழுமனதோடு மறுக்க முடியவில்லை. போரில் வென்ற நாடு இதை அச்சிடும் என்று கிராஸ்மன் நம்பினார். ஸ்டாலின் இறந்து, குருஷேவின் தளர்வுக் காலமும் வந்திருந்தது. 1960 அக்டோபரில் 'ஸ்னாம்யா' இதழுக்குப் பிரதியைக் கொடுத்தார்.

1961 பிப்ரவரி 14 அன்று கே.ஜி.பி. ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். தட்டச்சுப் பிரதிகளோடு கார்பன் தாள்களையும் தட்டச்சுப்பொறியின் நாடாக்களையும் எடுத்துப்போனார்கள். அவரைக் கைது செய்யவில்லை, நாவலைத்தான் சிறைபிடித்தார்கள். அதை விடுவிக்கக் கோரிக் குருஷேவுக்கு எழுதினார். 1962 ஜூலையில் கட்சியின் சித்தாந்தப் பொறுப்பாளர் மிகயீல் சுஸ்லோவ் அவரை அழைத்து, இன்னும் இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு இதை வெளியிட இயலாது என்றார்.

இந்தக் கெட்ட காலத்தில் கிராஸ்மனுக்கு வருமானம் தந்ததும் ஒரு மொழிபெயர்ப்புதான். ஆர்மேனிய எழுத்தாளர் ஹராச்சியா கோச்சாரின் போர் நாவலைச் செம்மைப்படுத்த 1961 இறுதியில் அவர் ஆர்மேனியா சென்றார். அவருக்கு அம்மொழி தெரியாது. வேறொருவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்த கரட்டு வடிவத்தை வைத்துக்கொண்டு நல்ல ரஷ்ய உரைநடையாக்க வேண்டும். சோவியத் குடியரசுகளின் இலக்கியம் பெரும்பாலும் இந்த முறையில்தான் ரஷ்ய மொழிக்கு வந்தது. வாயடைக்கப்பட்ட பல எழுத்தாளர்களுக்குச் சோறு போட்டதும் இதுவே. புற்றுநோயில் கிராஸ்மன் 1964இல் காலமானார்.

சோதனைக்கு முன்பே இரண்டு பிரதிகள் கைமாறியிருந்தன. கையெழுத்துப் பிரதியை நண்பர் லொபோதாவின் குடும்பம் வெளியே தெரியாமல் காத்தது. தட்டச்சுப் பிரதி ஒன்று கவிஞர் செம்யோன் லிப்கினிடம் இருந்தது. எழுபதுகளின் நடுவில் லிப்கின் அதை எழுத்தாளர் வொய்னோவிச்சிடம் கொடுத்தார். இயற்பியலாளர் அந்திரேய் சகாரவ், அவர் மனைவி எலேனா போன்னர் ஆகியோரின் உதவியுடன் பக்கங்கள் நுண்படச்சுருளில் பதிவாயின. ஓர் ஆஸ்திரியப் பேராசிரியை மூலம் சுருள் நாட்டைக் கடந்து, பாரிஸில் குடியேறியிருந்த அறிஞர் எஃபீம் எத்கிந்திடம் சேர்ந்தது. புலம்பெயர்ந்த ரஷ்யப் பதிப்பாளர்கள் சிலரும் கைவிரித்த பிறகு, லொசான் நகரில் பதிப்பகம் நடத்திய செர்பியரான திமித்ரியெவிச் 1980இல் ரஷ்ய மூலத்தை வெளியிட்டார். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1983இலும் ராபர்ட் சாண்ட்லரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1985இலும் வந்தன. பிரான்சில் உடனே பேசப்பட்ட நாவல், ஆங்கில உலகில் பரவலான மதிப்பைப் பெறப் பல ஆண்டுகள் காத்திருந்தது. பி.பி.சி. வானொலி 2011இல் நாடகமாக ஒலிபரப்பியபோதுதான் அங்கே பெருந்திரளான மக்களிடம் போய்ச் சேர்ந்தது.

சுருளில் சில இடங்கள் தெளிவாகப் பதிவாகவில்லை. ஆகவே லொசான் பதிப்பில் விடுபடல்கள் இருந்தன. அதை நம்பிய மொழிபெயர்ப்புகளிலும் அவை தொடர்ந்தன. லொபோதா குடும்பத்தின் பிரதி வெளிவந்த பின்னரே, 1989இல், நிறைவான ரஷ்யப் பாடம் உருவானது. சோவியத் காலத்து நூல் எதையும் மொழிபெயர்ப்பில் படிப்பவர் அது எந்த ஆண்டின் மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது என்று முன்னுரையில் தேடிப் பார்ப்பது இதனால் அவசியமாகிறது. பறிமுதலான தாள்களை கே.ஜி.பி.யின் வாரிசான ரஷ்யப் பாதுகாப்புச் சேவை 2013இல்தான் அரசு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது.

'வாழ்வும் விதியும்' ஓர் இரட்டை நாவலின் இரண்டாம் பாதி. முதல் பாதி 1952இல் 'நேர்மையான லட்சியத்துக்காக' என்ற தலைப்பில், தணிக்கையின் கத்தரிக்கு ஆளாகி, 'நோவி மிர்' இதழில் வந்தது. அச்சான வடிவங்களையும் தட்டச்சுப் பிரதிகளையும் ஒப்பிட்டு, வெட்டுண்ட பகுதிகளைச் சேர்த்து, ராபர்ட் சாண்ட்லரும் எலிசபெத் சாண்ட்லரும் அதை 2019இல் 'ஸ்தாலின்கிராத்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். ஆன்னா செம்யோனொவ்னாவின் கடிதம் மகன் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அந்த முதல் பாதிதான் சொல்கிறது.