பழைய சுவருக்கு எமன் சிமெண்ட் பூச்சு! கைகொடுக்கிறது சுண்ணாம்புக் காரை

திருவிடைமருதூர் போன்ற பழைய ஊர்களில் இது வாடிக்கையான கதை. தாத்தா காலத்து வீடு. திண்ணைச் சுவரில் காரை பெயர்ந்து கொட்டுகிறது. கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் பூசி, மேலே பளபளவென்று பெயிண்டும் அடித்தாயிற்று.

சில மழைக்காலம் போனதும் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூக்கிறது. பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது. தட்டினால் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. உள்ளே செங்கல் மாவாகிக் கிடக்கிறது!

காசும் போச்சு, கல்லும் போச்சு. குற்றவாளி யார்?

மூச்சு முட்டும் சுவர்

காவிரிக்கரை மண்ணில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய சுவர் அந்த ஈரத்தை அடியிலிருந்து உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியே காற்றில் ஆவியாகிவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் சுவருக்குள்ளேயே தங்குகிறது. கூடவே வந்த உப்பு செங்கலுக்குள் உறைந்து அதை உடைக்கிறது. பிளாஸ்டிக் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது.

1798-ல் அரியணை இழந்த தஞ்சை மராட்டிய மன்னர் அமர்சிங் வந்து தங்கிய ஊர் திருவிடைமருதூர். அந்தக் காலத்துச் சுவர்களுக்கு சிமெண்ட் என்றால் என்னவென்றே தெரியாது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். சென்னையில் சிமெண்ட் தயாரிக்க முயன்றது 1904-ல்.

கடுக்காயும் வெல்லமும்

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்ற வேண்டும். அப்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து! நீற்றிய சுண்ணாம்புக்கு இரண்டு, மூன்று பங்கு மணல் சேர்த்து அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அதில் விடுவது நம் ஊர் கொத்தனார்களின் பழைய கைப்பக்குவம்.

பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. அதனால் அவசரம் கூடாது. மெல்லிசாக, அடுக்கடுக்காகப் பூச வேண்டும். கடும் வெயில் படாமல் ஈரம் காட்டி வர வேண்டும். நாளும் கூலியும் கூடத்தான் ஆகும்.

பக்கத்திலேயே சாட்சி

பழைய முறை வேலைக்கு மதிப்பில்லை என்று யார் சொன்னது? கும்பகோணம் அருகே துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோவில் திருப்பணிக்கு 2024-ல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. பரம்பரைக் கைவினைஞர்களின் அனுபவத்தையும் இன்றைய பாதுகாப்பு முறையையும் சேர்த்துச் செய்த வேலை அது.

வீட்டுக்காரர்கள் கவனிக்க

சுண்ணாம்பு பூசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. ஓட்டுத் தண்ணீர் சுவரில் வழிகிறதா? ரோடு போட்டுப் போட்டு வாசல் பள்ளமாகிவிட்டதா? சாக்கடை சுவரோரம் தேங்குகிறதா? முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். அடுத்து, சிமெண்ட் பூச்சைச் சம்மட்டியால் அடிக்காமல் பதமாகப் பெயர்த்து, சுவரை உலரவிட்டு, பிறகு காரை பூச வேண்டும். மேலுக்குச் சுண்ணாம்பு வெள்ளையடித்தால் போதும்.

புது கான்கிரீட் வீட்டுக்கு சிமெண்ட் பூசலாம், தப்பில்லை. தாத்தா சுவருக்கு மட்டும் வேண்டாம்!