குறைஞ்சா வெடிக்கும்... கூடினா உடையும்!

முதுநகர்ல பஸ் ஏறி சிதம்பரத்துக்கு காலேஜ் போற மக்களே! ஜன்னல் ஓரமா ஓடுற வயலுக்கு அடியில என்ன இருக்குன்னு யோசிச்சதுண்டா? தண்ணின்னு சொல்வீங்க. கரெக்ட். ஆனா அந்தத் தண்ணி சும்மா இல்லை பாஸ், முட்டிக்கிட்டே இருக்கு!

பக்கத்து நெய்வேலியையே எடுத்துக்கோங்க. நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேலே தள்ளுகிறது. ராத்திரி பகலா பம்ப் வைத்து இறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். சில நூறு அடி ஆழத்துக்கே இந்தக் கதி. அப்போ எண்ணெய்க் கிணறு?

புவனகிரிப் பக்கம் உட்பட காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. பல கிணறுகள் தோண்டியிருக்கிறது. பாறையின் நுண்துளைகளில் மாட்டிக்கொண்ட நீரும் வாயுவும் தரும் அழுத்தம்தான் 'துளை அழுத்தம்'. 10 மீட்டருக்கு சுமார் ஒரு கிலோ வீதம் கூடி, 3,000 மீட்டரில் 300 கிலோ ஆகும். நீர் வெளியேற வழியில்லாத களிப்பாறை வந்தால் இன்னும் எகிறும். அதை அமுக்கிப் பிடிக்கத்தான், துளையிடும்போது கிணறு நிறைய 'மட்' எனும் சேற்றுக் கரைசலை நிரப்புகிறார்கள். கனம் சேர்ப்பது பேரைட் தூள். ஆந்திராவின் மங்கம்பேட்டை இதற்குப் பேர்போன இடம்.

எவ்வளவு கனம்? அதுதான் மேட்டர்! குறைந்தால் வாயு உள்ளே புகுந்து மேலே பீறிடும். கூடினால் பாறை விரிசல் விடும். விரிசல் வழியே சேறு ஓடும், மட்டம் இறங்கும், அப்புறம் மறுபடியும் வாயுதான். 3,000 மீட்டரில் துளை அழுத்தம் 420, பாறை உடையும் அழுத்தம் 510 என்று வைத்துக்கொண்டால், சேறு தண்ணீரைப் போல 1.4 மடங்குக்கு மேல், 1.7 மடங்குக்குக் கீழ் இருக்கணும். அந்த இடைவெளிக்குள்தான் உயிரே ஊசலாடுது.

இதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலியை வைத்து! ஆழம் போகப் போக களிப்பாறை இறுகும், ஒலி வேகமாகப் பாயும். திடீரென வேகம் குறைந்தால், உள்ளே நீர் மாட்டியிருக்கலாம் என்று சந்தேகம் வரும். அந்த வித்தியாசத்தை அழுத்தமாக மாற்ற, ஈட்டன் என்பவர் 1975-ல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. துளையிடும்போதே சேற்றை மெல்ல அழுத்தி, பாறை எங்கே இடம் கொடுக்கிறது என்றும் சோதிப்பார்கள். கணிப்பு அவ்வப்போது திருத்தப்படும்.

கிணறு கைமீறினால்? 1995 ஜனவரியில் ஆந்திராவின் பாசர்லபூடியில் ஓ.என்.ஜி.சி. கிணறு வெடித்து 65 நாள் எரிந்தது. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' வெடித்து 11 பேர் இறந்தார்கள். அந்தக் கிணற்றில் இரண்டு அழுத்தங்களுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறுகல். அதனால்தான் லேசான சிமென்ட் போட்டார்கள். அந்த சிமென்ட் வாயுவைத் தடுக்கவில்லை.

2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டப்படி, புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை. ஆனா கிணறு எந்த ஊரில் தோண்டினாலும், அங்கேயும் வீடும் வயலும் உண்டு. 'வேலை கிடைக்குமா?'ன்னு கேக்கிறதோட நிறுத்தாதீங்க. 'அடியில எவ்வளவு அழுத்தம்னு கணிச்சிருக்கீங்க? கணிப்பு தப்பினா என்ன பண்ணுவீங்க?'ன்னும் கேளுங்க. ஜியாலஜி படிக்கிறவங்க மட்டுமில்ல, மேல குடியிருக்கிற எல்லாரும் கேக்க வேண்டிய கேள்வி அது!