மூளையும் இரத்தச் சர்க்கரையும்

நெய்வேலி சுரங்கங்களிலும் அனல் மின் நிலையங்களிலும் வேலை மூன்று ஷிப்டுகளாக இரவும் பகலும் நடைபெறுகிறது. மின்தேவை கூடினால் கொதிகலனுக்குச் செல்லும் பழுப்பு நிலக்கரியைக் கூட்டுகிறார்கள், குறைந்தால் குறைக்கிறார்கள். இதைக் கவனிக்கக் கட்டுப்பாட்டு அறை ஒன்று உண்டு. நம் உடலில் அவ்வேலையில் பெரும்பங்கு மூளையினுடையது.

நீரிழிவு என்றதும் கணையமும் இன்சுலினும்தாம் உங்கள் நினைவுக்கு வரும். இன்சுலின் 1921இல் டொரன்டோவில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் அதற்கு 72 ஆண்டுகளுக்கு முன்பே, 1849இல், பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார்டு ஒரு விந்தையைக் கண்டார். முயலின் மூளையில், முகுளத்தை ஒட்டிய ஓரிடத்தில் ஊசியால் குத்தினார். சிறிது நேரத்தில் முயலின் சிறுநீரில் சர்க்கரை தோன்றியது! கணையத்தை அவர் தொடவே இல்லை.

மூளைக்கு ஏன் இந்த அக்கறை? உடல் எடையில் அது சுமார் 2 சதவீதமே. எனினும் ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதம் அதற்கே போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். சேமிப்போ அனேகமாக இல்லை.

ஆகவே 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் குளுக்கோஸ் 70 மில்லி கிராம் அளவுக்குக் குறைந்ததும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் விழித்துக்கொள்கிறது. நரம்புகள் வழியே அட்ரீனல் சுரப்பிக்குக் கட்டளை செல்கிறது. கணையம் குளுக்ககானைச் சுரக்கிறது. கல்லீரல் தன் கிளைக்கோஜன் இருப்பைக் கரைத்துக் குளுக்கோஸாக அனுப்புகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி ஆகியவை இந்த அபாயச் சங்கின் ஒலிகளே.

இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால், மூளை அதற்குப் பழகிவிடுகிறது, சங்கு ஒலிப்பதில்லை. முன்னறிவிப்பின்றி மயக்கம் வரும். இரவில் பெரிய இயந்திரத்தை இயக்குபவருக்கு இது எத்தகைய ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் துணையோடு சில வாரங்கள் சர்க்கரை தாழாமல் பார்த்துக்கொண்டால், இழந்த எச்சரிக்கை உணர்வு பெரும்பாலும் திரும்பும்.

ஹைபோதலாமஸிலேயே உடலின் கடிகாரமும் இருக்கிறது. அது வெளிச்சத்தைக் கொண்டு நேரம் வைத்துக்கொள்கிறது. காலையில் உண்ட அதே உணவை நள்ளிரவில் உண்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும். இரவுப்பணி மாறி மாறிச் செய்வோருக்கு நீரிழிவு வாய்ப்பு சற்று அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவருக்கு நடுக்கமும் வியர்வையும் கண்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்கு விரையுங்கள்.