மாணவர் எடுத்த பாட்டுக்கு யார் உரிமை கோருகிறார்கள்?

விஸ்காம், ஊடகவியல் துறைகளில் செமஸ்டர் முடியும் நேரம் இது. நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் இசைக் காணொளி எடுத்து, யூடியூபில் ஏற்றி, அந்த லிங்க்கைத் துறையில் கொடுக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தின இரவில்தான் பெரும்பாலான குழுக்கள் ஏற்றுகின்றன. சில நிமிடங்களில் ‘காப்பிரைட் கிளெய்ம்’ என்ற அறிவிப்பு வருகிறது. அப்புறம்தான் நமக்குக் கடிதங்கள் வருகின்றன. சேனலை முடக்கிவிடுவார்களா? வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வருமா? நாங்களேதானே பாடினோம், பிறகு ஏன்?

கடிதங்களில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. உரிமையாளர் முறைப்படி எழுதிக் கேட்டுக் காணொளியை நீக்கவைத்தால் வருவது ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடலாம். கிளெய்ம் அப்படியல்ல. உரிமையாளர்களுக்கும் படைப்பாளிகளுக்கும் நடுவே சமநிலை காக்கும் ஏற்பாடு என்று யூடியூப் இதைச் சொல்கிறது. நடப்பதை வைத்துச் சொன்னால், இந்த ஒலி இன்னாருடையதைப் போல இருக்கிறது என்று ஒரு கணினி முடிவு செய்ததும், அந்த இன்னார் முன்கூட்டியே குறித்துவைத்த நடவடிக்கை தானாக நிறைவேறுவதுதான் கிளெய்ம். காணொளியைத் தடுக்கலாம், அதில் விளம்பரம் ஓடவிட்டு வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் பார்க்கலாம். பெரும்பாலான உரிமையாளர்கள் விளம்பரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே கிளெய்ம் வந்ததாலேயே சேனலுக்கு ஆபத்தில்லை.

‘கன்டென்ட் ஐடி’ என்ற இந்த அமைப்பு 2007 முதல் இயங்குகிறது. இசை நிறுவனங்கள் தங்கள் பாடல்களின் மாதிரிக் கோப்புகளை யூடியூபிடம் கொடுத்துவைக்கின்றன. யார் எதை ஏற்றினாலும், ‘பிரைவேட்’ என்று போட்டாலும் ‘அன்லிஸ்டட்’ என்று போட்டாலும், அது அந்தக் கோப்புகளோடு ஒப்பிடப்படுகிறது. யூடியூப் தன் முறையை முழுதாக வெளியிட்டதில்லை. ஆனால் ஒலியை அடையாளம் காணும் தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஷஸாம் நிறுவனத்தின் ஏவரி வாங் 2003-இல் ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார். நேரம் ஓர் அச்சு, சுருதி இன்னோர் அச்சு என்று ஒலியை வரைபடமாக விரித்து, அதில் உரக்கத் தெரியும் உச்சப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். எந்த இரண்டு புள்ளிகள், அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் பாட்டின் கைரேகை. சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் உச்சப் புள்ளிகளில் பல தப்பிவிடும். இந்த முறையின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

மாணவர்களுக்குச் சிக்கலும் அங்கேதான். கல்லூரி கேன்டீனில் எடுத்த ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். நாயகன் டீ வாங்கிக்கொண்டு திரும்புகிறான். கிளாஸ் கழுவும் சத்தம், டோக்கன் கேட்டு நிற்பவர்களின் பேச்சு, மூலையில் இருக்கும் ஸ்பீக்கரில் மெல்லிதாக ஒரு படப் பாட்டு. இயற்கையாக இருக்கட்டும் என்று எடிட்டர் அந்தச் சூழல் ஒலியை அப்படியே விட்டுவைக்கிறார். காணொளியின் பாட்டு, வரி, மெட்டு, குரல் எல்லாம் குழுவினுடையவை. ஆனால் 1:42 முதல் 1:58 வரை பொருத்தம் இருக்கிறது என்று கிளெய்ம் வந்துவிடும். அந்த 16 விநாடிக்காக நான்கு நிமிடக் காணொளி முழுவதன் விளம்பர வருமானமும் பாட்டு நிறுவனத்துக்குப் போகலாம். ‘மேக்கிங்’ காணொளிகளில் இது இன்னும் அதிகம். வாயசைப்புக்காக ஷூட்டிங் முழுக்க ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதால், கேமராவின் மைக்கில் விழுந்த ஒலியெல்லாம் பாட்டாகவே இருக்கும். மிகச் சிறிய துணுக்குகளுக்காக வருமானத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று யூடியூப் 2019-இல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் ஆட்கள் கையால் போடும் கிளெய்முக்குத்தான் அது. இயந்திரம் போடுவதற்குப் பொருந்தாது.

‘நாங்களே பாடினோம்’ என்பவர்களுக்கு: ஒரு பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன. நாடோடி மன்னன் (1958) படத்துக்காகப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையமைத்து, டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ஒரு பாட்டைப் பாருங்கள். பட்டுக்கோட்டையார் 1959-இல் மறைந்தார். எழுதியவர் காலமாகி 60 ஆண்டு என்ற கணக்குப்படி வரியின் உரிமை 2019-உடன் முடிந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே தமிழக அரசு அவர் பாடல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்பதால் இந்தியாவில் அதுவும் 2018-உடன் தீர்ந்தது. ஆனால் சுப்பையா நாயுடு 1979-இல் மறைந்தவர், ஆகவே மெட்டின் உரிமை 2039 வரை உயிரோடு இருக்கும். அதே வரிகளுக்குக் குழுவே புது மெட்டுப் போட்டுப் பாடினால் யாரும் கேட்க முடியாது. பழைய மெட்டிலேயே பாடினால் கேட்கலாம். கன்டென்ட் ஐடி மெட்டையும் அடையாளம் காணக்கூடியது என்பதால் புதுக்குரலில் பாடியதற்கும் கிளெய்ம் வரும். இந்த ஆண்டுக் கணக்கெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியாது. தன்னிடம் கோப்பு இருக்கிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இங்கே உரிமை தீர்ந்துபோன ஒலிப்பதிவுக்கும் அது கிளெய்ம் போடும்.

கிளெய்ம் தவறு என்று மாணவர் நினைத்தால் ‘டிஸ்பியூட்’ செய்யலாம். என்னைக் கவலைப்படவைப்பது இந்த இடம். அந்த ஆட்சேபம் யூடியூபின் நடுநிலையான ஓர் ஆளிடம் போவதில்லை. கிளெய்ம் போட்டவரிடமே போகிறது. அவர் பதில் சொல்ல 30 நாள். பேசாமல் இருந்தால் கிளெய்ம் விலகும். இல்லை, எங்களுடையதுதான் என்று அவரே சொல்லிவிட்டால் மாணவர் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதுவும் அதே ஆளிடம்தான் போகும், இந்த முறை 7 நாள். அங்கே அவர் காணொளியை நீக்கக் கோரினால், வெறும் கிளெய்மாக இருந்தது ஸ்ட்ரைக்காக மாறும். அதற்குப் பிறகும் எதிர்மனு உண்டு. ஆனால் அதில் மாணவர் தன் பெயர், முகவரி எல்லாம் எழுத வேண்டும், அவை எதிர்த்தரப்புக்குப் போகும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர், யூடியூப் இருக்கும் கலிஃபோர்னியா நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாகவும் எழுதித் தர வேண்டும். திருநெல்வேலியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி, செமஸ்டர் பிராஜெக்டுக்காக இதில் கையெழுத்துப் போடுவாரா? சட்டம் அவர் பக்கமே இருந்தாலும் போட மாட்டார்.

இதை வைத்துக்கொண்டு யூடியூபின் புள்ளிவிவரத்தைப் படிக்க வேண்டும். 2021-இன் முதல் ஆறு மாதத்தில் கன்டென்ட் ஐடி வழியாக 72 கோடிக்கும் மேல் கிளெய்ம்கள் போடப்பட்டன என்றும், அவற்றில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே ஆட்சேபம் வந்தது என்றும் அந்த நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. இயந்திரம் சரியாக இருக்கிறது என்பதற்கு இதைச் சான்றாக நீட்டுகிறார்கள். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஆட்சேபம் செய்தவர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்குச் சாதகமாகவே முடிந்தது. கேட்டவர்களில் பாதிக்கு மேல் ஜெயித்திருக்கும்போது, கேட்காதவர்கள் எல்லோரும் தவறு செய்தவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? பயந்து விட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்த அறிக்கையில் கணக்கில்லை.

கன்டென்ட் ஐடியில் சேரவும் எல்லோராலும் முடியாது. கணிசமான அளவுக்குத் தனி உரிமையுள்ள படைப்புகள் வைத்திருப்பவர்களுக்குத்தான் அனுமதி. மாணவரின் மெட்டை ஒரு பெரிய சேனல் எடுத்துப் போட்டால் தானாகக் கண்டுபிடித்துத் தரும் இயந்திரம் மாணவருக்கு இல்லை. அவரே தேடி, அவரே படிவம் நிரப்ப வேண்டும்.

சொந்தப் பாட்டுக்கே கிளெய்ம் வருவது இன்னொரு வேதனை. இரண்டு வழிகளில் வருகிறது. இசை மென்பொருளோடு இலவசமாகக் கிடைக்கும் ஒரு தாள லூப்பை ஆயிரம் பேர் பயன்படுத்துவார்கள். அதில் ஒருவர் தன் பாட்டை விநியோக நிறுவனம் மூலம் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால், அதே லூப் வரும் மற்றவர்கள் பாட்டெல்லாம் அவருடையதாகத் தெரியும். அடுத்தது குழுவுக்குள்ளேயே நடப்பது. இசையமைத்த மாணவர் ஸ்பாட்டிஃபையில் பாட்டை வெளியிடுகிறார். விண்ணப்பத்தில் கன்டென்ட் ஐடிக்கு எதிரே இருக்கும் கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார். ஒரு வாரம் கழித்து எடிட்டர் தன் சேனலில் ஏற்றும் காணொளிக்கு, தங்கள் பாட்டின் பேரிலேயே கிளெய்ம் வருகிறது. விநியோக நிறுவனத்துக்கு எழுதி அந்தச் சேனலுக்கு விலக்குக் கேட்டால் சரியாகிவிடும். கடைசித் தேதிக்குள் ஆகுமா என்பது வேறு விஷயம்.

இந்தியச் சட்டம் மாணவர்களிடம் இதைவிடப் பரிவாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுப்பதை மீறலாகக் கருதவில்லை. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், கற்பித்தல் என்பது வகுப்பறைப் பாடத்தோடு முடிந்துவிடுவதில்லை என்று இந்தப் பிரிவை விரிவாகவே படித்தது. 52(1)(j) பிரிவு கல்லூரிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னால் நிகழ்த்துவதையும் திரையிடுவதையும் அனுமதிக்கிறது. ஊர் உலகம் பார்க்கும் யூடியூபில் ஏற்றுவதை இந்தப் பிரிவுகள் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் துறைத் தலைவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: பிராஜெக்டை யூடியூப் லிங்க்காகத்தான் தர வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள். பென்டிரைவில் கோப்பாக வாங்குங்கள், செமினார் ஹாலில் போட்டுப் பாருங்கள். சட்டம் மாணவருக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பிலிருந்து, மதிப்பெண்ணைக் காட்டி அவரை வெளியே தள்ளுவது நியாயமில்லை.

குழுவில் பாட்டு யாருக்குச் சொந்தம் என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள். வரி எழுதியவருக்கு வரி, மெட்டுப் போட்டவருக்கு மெட்டு. காணொளிக்கு, அதை எடுக்க முன்கையெடுத்துப் பொறுப்பேற்றவர்தான் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர், அவரே உரிமையாளர். ஐந்து பேரும் பொறுப்பேற்றிருந்தால் அப்படியே ஒரு தாளில் எழுதி ஐவரும் கையெழுத்திடுங்கள். மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்லர் என்பதால், எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காதவரை கல்லூரிக்கு உரிமை போகாது. கொடுத்தாலும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான் என்கிறது 19-ஆம் பிரிவு.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

30 விநாடிக்குள் பயன்படுத்தினால் தப்பில்லையாமே? அப்படி ஒரு விதி இந்தியச் சட்டத்திலும் இல்லை, யூடியூபிலும் இல்லை.

‘ஆல் ரைட்ஸ் டு த ஓனர்ஸ்’ என்று கீழே எழுதினால் போதுமா? போதாது.

வேகத்தைக் கூட்டி, சுருதியை மாற்றினால்? சில நேரம் தப்பும், பல நேரம் மாட்டும். பாட்டு கெட்டுப்போவது மட்டும் நிச்சயம்.

ராயல்டி ஃப்ரீ இசை என்றால் உரிமை இல்லாத இசையா? இல்லை, நிபந்தனையோடு பயன்படுத்த விடும் இசை, நிபந்தனையைப் படியுங்கள்.

தியாகராஜர் கீர்த்தனை? கீர்த்தனை எல்லோருக்கும் சொந்தம்; வேறொருவர் பாடிய பதிவு அப்படியல்ல.

16 விநாடிக்குத்தான் கிளெய்ம் என்றால்? யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தப் பகுதியின் ஒலியை நீக்கலாம், அல்லது வெட்டலாம்.

கிளெய்ம் வந்ததற்காக மதிப்பெண் குறைக்கலாமா என்று ஓர் ஆசிரியர் கேட்கிறார். வேண்டாம், அது இயந்திரத்தின் சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல.

கடைசித் தேதி அடுத்த வாரம், இப்போது என்ன செய்வது? எடிட் முடியாவிட்டாலும் ஒலியைச் சேர்த்து இன்றே பிரைவேட்டாக ஏற்றுங்கள். ‘Checks’ என்ற கட்டத்தில் எந்த இடத்தில் கிளெய்ம் வரும் என்று அதுவே காட்டிவிடும்.